அப்பாவின் பையில் இருந்த கேபிள் பின்

பிள்ளைகள் டிவி பார்த்தே கெட்டுப்போவார்கள் என்று, கேபிள் பின்னைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் சைமன்ராஜ் தினமும் ஷிப்டுக்குப் போவார். இன்று மைன்ஸில் நெஞ்சுவலி வந்து விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, பையை மட்டும் குவார்ட்டர்ஸில் கொடுத்தார்கள். மனைவி மரியபுஷ்பம் காலண்டர் தாளைக் கிழித்து, பள்ளி விட்டுத் தம்பியோடு வரப்போகும் மகளுக்கு எழுதினாள்.

"ரெஜினா, அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. சோறு மூடி வெச்சிருக்கேன், தம்பிக்கு ஊட்டு. கேபிள் பின்ன டிவில மாட்டிட்டேன். அவன் எவ்ளோ நேரம் வேணா பாக்கட்டும். யாராச்சும் அழுதுகினு வந்தா உள்ள விடாத."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

"காலைல இந்தப் பின்னுக்காகத்தான் அப்பாகூட சண்ட போட்டேன். அவரு கண்ணு முழிச்சிக் கேட்டா, பையிலதான் இருக்குன்னு சொல்லப்போறேன்."