கீழ்த்தொட்டியின் அளவு

மச்சான்,

இன்று காலை என் தம்பி வந்து கூடத்து அலமாரிக்குக் கீழே இருந்த கண்ணாடித் தொட்டியை வெளியே இழுத்தான். அதன் விளிம்பு முழுக்க உப்பு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தபோது கடல் வாடை குப்பென்று எழுந்தது. துடைத்துக்கொண்டே உங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். தம்பி ஒரு மாதிரி பார்த்தான். அவன் போன பிறகு, பேசியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

துபாயில் ஓட்டல் மீன்தொட்டிகளைப் பல வருடம் பராமரித்தவர், ஒருநாள் அய்யம்பேட்டைக்கு ஊரோடு வந்துவிட்டீர்கள். வந்த கையோடு, கூடத்தில் கடல்மீன் வளர்க்கப் போகிறேன் என்றீர்கள். சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊரில் உப்புத்தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டேன். "ஒன் தம்பிக்கிட்ட வேன் இருக்குல்ல?" என்றீர்கள். அவனும் சவாரிக்கு நாகப்பட்டினம் போகும்போதெல்லாம் கேன்களில் கடல்நீர் பிடித்து வந்தான்.

சண்டை வந்தது கீழ்த்தொட்டியால்தான். அதற்கு நீங்கள் சொன்ன பெயர் சம்ப். எனக்குத் தெரிந்த சம்ப், வாசலில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்த்தொட்டி. நீங்கள் சொன்னது வேறு. மேலே மீன் இருக்கும் தொட்டியில் வழிகிற தண்ணீர் குழாய் வழியாக இதில் இறங்கும்; அழுக்கு வடிந்ததும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும்.

அளவெடுக்க வந்த கண்ணாடிக்கடைக்காரர், "சின்னதா போதுங்க பாய். கீழ யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார். நானும் அவர் பக்கம்தான். பெரிய தொட்டி வைத்தால் அலமாரியின் அடியில் நான் பாத்திரம் அடுக்கும் தட்டு போய்விடும்.

"கரண்டு போனா மோட்டார் நின்னுடும். குழாய் மட்டத்துக்கு மேல இருக்குற தண்ணி பூரா கீழ எறங்கும். இது வாங்கிக்கலன்னா கூடம் பூரா உப்புத்தண்ணிதான்" என்றீர்கள்.

"அதுக்குன்னு பாதித் தொட்டிய காலியாவா வப்பாங்க?"

"காலியாத்தான் வைக்கணும். அப்புறம், பெரிய தொட்டின்னா தண்ணியும் நெறைய நிக்கும். ரெண்டு நாள் யாரும் பாக்கலன்னாலும் உப்பு சட்டுன்னு ஏறாது."

"வீட்டுலயே இருக்குற ஆளு, ஏன் பாக்காம இருக்கப் போறீங்க?"

நீங்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் அளவு சொல்லப் போய்விட்டீர்கள். என் பாத்திரத் தட்டு அன்றே கழன்றது.

ஈரல் கெட்டுவிட்டது என்று துபாயிலேயே டாக்டர் சொல்லியிருந்தாராம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோதுதான் என்னிடம் சொன்னீர்கள். "சொல்லி என்ன ஆவப்போவுது? நீ அழுவ. அதையும் நான் பாக்கணும்" என்றீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் தெரிந்தேதான் அந்தத் தொட்டியை அளந்தீர்கள் என்பது மட்டும் அப்போது புரிந்தது.

படுக்கையிலிருந்து தினமும் காலையில் ஒரே கேள்வி. "தண்ணி எங்க நிக்குது?" நான் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன், கீழ்த்தொட்டியில் நீங்கள் போட்ட கோட்டுக்கு ஒரு விரல் கீழே என்று. "நல்ல தண்ணி ஊத்தச் சொல்லு. கேன்ல இருக்குறத ஊத்திடப் போறான். தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு அங்கயே தங்கிடும்." கடைசி வாரம் கேள்வி நின்றுவிட்டது. நானாகவே சொன்னேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அடைமழையில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நான் புருஷனை இழந்தவளாக இத்தாவில் உட்கார்ந்தேன். வாசல் தாண்ட முடியாத அந்த மாதங்களில் வீட்டில் அசைந்துகொண்டிருந்தவை உங்கள் மீன்கள் மட்டும்தான்.

அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்தது. பொழுது விடியும்போது பின்கட்டு ஓடுகள் பறந்தன, கரண்டு போனது. மோட்டார் நின்றதும் மேலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மட்டம் ஏறிக்கொண்டே வந்து, விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "நின்னுடுச்சு மச்சான்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனால் கரண்டு வரவில்லை. கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன, நாளாகும் என்றார்கள். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரில் காற்று இல்லை. கீழ்த்தொட்டியில் சொம்பை முக்கி, உயரத் தூக்கி மேலே ஊற்றினேன். அது வழிந்து கீழே வரும்; மறுபடி முக்குவேன். தொழுகைக்கும் சோற்றுக்கும் எழுந்த நேரம் தவிர அதே வேலை. சாலையில் விழுந்த மரங்களை வெட்டிய பிறகு வந்து சேர்ந்த தம்பி, "விடுக்கா. மீனுதானே. ஒன் ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" என்றான்.

"நீ தள்ளி நில்லு" என்றேன். அவன் இன்னொரு சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

மஞ்சள் மீன் முதலில் போனது. பிறகு ஒவ்வொன்றாக. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடியில் ஒன்று கடைசி வரை கிடந்து, என் கண்முன்னே பக்கவாட்டில் சாய்ந்தது. தம்பி எல்லாவற்றையும் கொல்லையில் புதைத்தான். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கரண்டு வந்தது. மோட்டார் தானாக ஓடி, தண்ணீர் ஏறி, மேல்தொட்டி அதன் அளவுக்கு நிறைந்து நின்றது. உங்கள் கணக்கு எங்கேயும் பிசகவில்லை. உள்ளே மீன் ஒன்றுகூட இல்லை.

பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், வாங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மேல்தொட்டியை அப்போதே கொடுத்துவிட்டோம். கீழ்த்தொட்டியை இன்று தம்பி கும்பகோணத்துக்கு எடுத்துப் போய்விட்டான், அங்கே யாரோ கேட்டார்களாம். எனக்கு மிஞ்சியிருப்பது சொம்பு தூக்கிய வலது தோளில் ஒரு வலி. தலை வாரக் கையைத் தூக்கினால் சுரீர் என்கிறது. டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னார், நான் செய்வதில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், மச்சான். ஊசி போட்டதும் குழாய் மாற்றியதும் துடைத்துவிட்டதும் எல்லாம் நர்சுகள்தான். உங்களுக்காக என் கைக்குக் கிடைத்த ஒரே வேலை அந்தச் சொம்புதான்.