யா துவான்

மார்ச் 3, 2024, ஞாயிறு

மலாக்கா பக்கம் செங் கடைத்தெருவில் காளிமுத்துவிடம் முடி வெட்டி, சாயமும் போட்டுக்கொண்டேன். வயது அறுபத்திரண்டு, கண்ணாடியில் நாற்பதுதான் தெரிந்தது. காளிமுத்து சிவகங்கைக்காரன், வந்து எட்டு மாதம். அவன் பாஸ்போர்ட்டை முதலாளி வடிவேலு வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டானாம்.

"இமிகிரேஷன் வந்தா என்னண்ணே சொல்றது?"

"எது கேட்டாலும் 'யா துவான்'னு சொல்லு. ஆமாங்கய்யான்னு அர்த்தம். பணிஞ்சு போறவனை எவனும் தொடமாட்டான்லா. இதைச் சொல்லிக்குடுத்தே நாப்பது பேரைக் காப்பாத்தியிருக்கேன்."

பத்துத் தடவை சொல்லிப் பழகினான். மலாய் அவன் வாயில் அழகாகத்தான் வருகிறது.

மார்ச் 6, புதன்

கடையில் ரெய்டு. இருபது லாரி, துப்பாக்கியோடு நூறு பேர். காளிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வடிவேலு போனை அடைத்துவிட்டான். ஞாயிறுதோறும் காளிமுத்துவுக்குச் சோறு போட்டவள் என் மனைவி இந்திரா; அழுகிறாள். கோர்ட்டே என் கைக்குள் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

பெர்மிட் இல்லாமல் நாட்டில் இருந்ததாகக் காளிமுத்துமேல் கோர்ட்டில் குற்றச்சாட்டு. மலாய் புரியுமா என்று முதலில் கேட்டார்கள். "யா துவான்." எழுந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்னென்னவோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் "யா துவான்". ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தான், சரியாகச் சொல்கிறேனா என்பதுபோல. நானும் தலையாட்டினேன்.

கோர்ட்டு மலாய் எனக்கும் பிடிபடவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசியில் ஒரு சொல் மட்டும் புரிந்தது. 'ரோத்தான்'. பிரம்பு. மூன்று மாதச் சிறை, இரண்டு பிரம்படி என்று வெளியே ஒருவர் விளக்கினார். குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டானாம்.

விலங்கு மாட்டும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தான். விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான்.

மார்ச் 20

அய்யோ, நான் ஏன்டா வாயைத் திறந்தேன்?

மார்ச் 21, வியாழன்

இலவசச் சட்ட உதவிக்கு வரும் வக்கீல் தேவிஸ்ரீயிடம் இந்திரா என்னை இழுத்துப் போனாள். தீர்ப்பிலிருந்து ஏழு நாள் போகும்வரை பிரம்படி கொடுக்க முடியாதாம். அதற்குள் அப்பீல் போட்டால் நிறுத்தி வைப்பார்களாம். இரண்டு நாள் போய்விட்டது.

"பாஸ்போர்ட் வேணும், அங்கிள். அடுத்தவங்க பாஸ்போர்ட்ட முதலாளி பூட்டி வைக்கவே கூடாது. அப்புறம், அவர் புரியாமத்தான் ஒத்துக்கிட்டாருன்னு யாராவது சத்தியம் பண்ணணும். 'யா துவான்'னு யார் சொல்லிக்குடுத்தது?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"இதோ உக்காந்திருக்காரே" என்றாள் இந்திரா.

மார்ச் 23, சனி

கிளேபாங்கில் வடிவேலுவின் வீடு. டிஎஸ்பி என் மச்சான் என்றேன்.

"டிஎஸ்பி ஆயிட்டாரா? போன மாசம் இன்ஸ்பெக்டர்னுதானே சொன்னீங்க, மாமா?"

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவரின் பெயரையும் சொன்னேன். கொட்டாவி விட்டான். என்னிடம் வேறு சரக்கு இல்லை. "திங்கக்கிழமை சத்தியம் பண்ணப்போறேன்டா. பாஸ்போர்ட்ட யார் பூட்டி வச்சான்னு அதுல வருது" என்றேன். உள்ளே போனான், எடுத்து வந்தான். நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

அதில் பெர்மிட் நவம்பர் வரை இருக்கிறது. இருந்தும் காளிமுத்து உள்ளே கிடக்கிறான்.

மார்ச் 25, திங்கள்

தேவிஸ்ரீ கேட்டுக் கேட்டுச் சத்தியப் பத்திரம் எழுதினாள். எத்தனை பேரைக் காப்பாற்றினேன்? ஒருவரையும் இல்லை. ஹெல்மெட் போடாமல் பிடிபட்டபோது நானே 'யா துவான்' சொன்னேன்; அப்போதும் சம்மன் எழுதினார்கள். எத்தனை லாரி? ஒரு வேன். எத்தனை பேர்? ஆறு. தொழில்: புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வாட்ச்மேன். (மேனேஜர் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.) படிப்பு: ஆறாம் வகுப்பு.

"அன்னைக்குக் கோர்ட்டுல பேசினது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

இந்திரா பக்கத்திலேயே இருந்தாள்.

"இல்லம்மா. ஒன்னுமே புரியல."

அதையும் எழுதினாள். கீழே ரங்கசாமி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 10

அப்பீல் போட்டதில் பிரம்படி நின்றிருக்கிறது. அவன் வெளியே வரவில்லை. சிவகங்கையிலிருந்து அவன் மகள் போன் செய்தாள், அப்பா ஏன் பேசுவதில்லை என்று. கடையில் கூட்டம் என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே கசந்தது இதுதான்.

மே 14, செவ்வாய்

மேல் கோர்ட். ஆள் பாதியாகிவிட்டான். மலாய் புரியுமா என்று மறுபடியும் கேட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தான். இல்லை என்று தலையை அசைத்தேன்.

"தெரியாதுங்க."

மொழிபெயர்ப்பாளர் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றார்.

ஒப்புதல் ரத்து. பிரம்படி இல்லை. பெர்மிட்டைப் பார்த்து வழக்கையும் கைவிட்டார்கள். ஆனால் வடிவேலு அந்தப் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டான். ஊருக்குப் போக முப்பது நாள் அவகாசம். அதற்கும் போராடலாம் என்றாள் தேவிஸ்ரீ. "போதுங்க, பிள்ளைகளைப் பாக்கணும்" என்றான்.

ஜூன் 9, ஞாயிறு

மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் காளிமுத்துவுக்கு ஏர்போர்ட் பஸ். இந்திரா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். காலையில் அவனே எனக்கு முடி வெட்டினான். சாயம் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏறும்போது டிரைவர் மலாயில் ஏதோ சொன்னார். காளிமுத்து வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், என் பக்கம் திரும்பினான்.

"என்ன சொல்றாருண்ணே?"

"பெரிய பைய அடியில வைக்கச் சொல்றாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டா."