மறுப்பு வராத இடம்

திண்டிவனம்,
7 மார்ச் 2025

அன்புள்ள மச்சான் தேவநாதனுக்கு,

இங்கே எல்லாரும் நலம், உன் அக்காவின் முட்டிவலி தவிர. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம்; அதனால் மெயில்.

நம் மண்டி சாப்ட்வேரை முகையூர் மண்டி பூமாலை முதலாளிக்குத் திங்கட்கிழமை போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டேன். நீ டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றியதிலிருந்து எல்லாம் சரியா என்று பார்க்க டெஸ்ட் ஓட்டினால் திரை முழுக்கத் தப்பு காட்டும் சிவப்பு. நம் ஆபீஸ் சங்கவியைக் கேட்டேன். "ஒண்ணும் கெடலைங்க. தப்பு நடந்தா டேட்டாபேஸ் சொல்ற வாசகத்தைப் புதுசுல மாத்திட்டாங்க. நம்ம டெஸ்ட் பழைய வாசகத்தையே தேடிக்கினு இருக்குது" என்றாள். அப்படியானால் புதுசாக வருவதையே சரி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே பட்டன், எல்லாம் பச்சை. இதற்கா வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தாய்?

உன் மாமா,
விருத்தாசலம்

விழுப்புரம்,
8 மார்ச்

மாமாவுக்கு வணக்கம்.

அக்காவை மாடி ஏற விடாதீங்க. அந்தப் பச்சையையும் நம்பாதீங்க.

டெஸ்ட்டை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மற்றதிலெல்லாம் வாசகம்தான் மாறியிருக்கிறது. ஒன்றில் வாசகமே இல்லை. ஒருவருக்கு விற்ற சரக்கு லாட்டை இன்னொருவர் பெயரில் பதிந்தால் டேட்டாபேஸ் மறுக்க வேண்டும், பேசாமல் வாங்கிக்கொள்கிறது. மாற்றும்போது அந்தத் தடையை நான்தான் விட்டுவிட்டேன். உங்கள் பட்டன் அதையும் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

டேட்டாபேஸ் சொல்லும் ஒவ்வொரு தவறுக்கும் ஓர் எண் உண்டு. வாசகம் மாறினாலும் எண் மாறாது. டெஸ்ட் இனி எண்ணை மட்டும் பார்க்கும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன், தடையையும் போடுகிறேன். புதன் வரை பொறுங்க.

தேவநாதன்

திண்டிவனம்,
9 மார்ச்

மச்சான்,

புதன் ஆகாது. "இன்னாய்யா, உங்க ஆளு இன்னும் நோண்டிக்கினுதான் இருக்காரா?" என்று பூமாலை முதலாளி நாலு பேர் நடுவே கேட்டார். மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். சொன்ன நாளில் சரக்கு போகும் என்பதுதான் என் பெயர். விற்ற லாட்டை எந்த மடையன் திரும்ப விற்பான்? சங்கவியே போய்ப் போடட்டும். பிடிக்காவிட்டால் ஒதுங்கிக்கொள்.

விருத்தாசலம்

விழுப்புரம்,
9 மார்ச், மாலை

மாமா,

ஒதுங்கிக்கொள்கிறேன். ஆபீஸ் சாவி சங்கவியிடம். அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தேவநாதன்

13 மார்ச்

தேவா,

யாரும் மடையன் இல்லை. முகையூர் மண்டி கவுண்டரில் சீட்டுப் போடும் பிரபாவதி ஒரு லாட்டு மல்லாட்டையைப் பண்ருட்டிக்காரருக்குப் பதிந்தாள். அதே லாட்டை முதலாளி உள்ளே உட்கார்ந்து புதுச்சேரி எண்ணெய் மில்லுக்குப் பதிந்தார். இரண்டு சீட்டும் அச்சாகி வந்தன. இன்று காலை இரண்டு லாரியும் ஒரே கடலைக் குவியல் முன்னால் வந்து நின்றன. டிரைவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா மிஷினுய்யா இது? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலையே!" என்றார் முதலாளி.

"என் மச்சான் சொன்னாங்க. நான்தான் கேக்கலை" என்றேன். எல்லார் காதிலும் விழத்தான் சொன்னேன்.

நீ அக்கா போனையும் எடுப்பதில்லையாம். இதை விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்து அடிக்கிறேன். திட்டுவதானால் திட்டு. கதவை மட்டும் திற.

விருத்தாசலம்