உன் இடது முட்டிக்கு நான் செய்யாத வேலை

என் மச்சான் தனசேகருக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் நம்பரை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் காரில் கேபிள் கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தத்தில் லேசாக மிதிபடுகிற ஹைட்ராலிக் கிளட்ச் போட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக நீ கேட்டுக்கொண்டிருந்த அதே வேலை.

உனக்காகச் செய்யவில்லை, என் தங்கச்சி கலாவுக்காகச் செய்தேன். நீ போன பிறகு காசிமேட்டிலிருந்து விற்க எடுத்த மீன் கூடையோடு ஆட்டோ பிடிக்க உன் பொண்டாட்டி படாத பாடு பட்டாள். வாடை என்று சொல்லி யாரும் ஏற்றவில்லை. ஒருநாள் திருவொற்றியூரில் என் மெக்கானிக் ஷெட்டுக்கே வந்து நின்றாள்.

"ண்ணா, பின்சீட்ட எட்த்துட்டு அவுரு எனக்காவத்தானே கூடை வெக்க எடம் பண்ணாரு? அந்தக் கார நானே ஓட்டிக்கிறேன்" என்றாள்.

சொன்னபடி கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆனால் உன் கார் அவளுக்கு மசியவில்லை. "இன்னாண்ணா இது, கிளட்ச்சு கல்லாட்டம் கீது" என்று இறங்கிவிட்டாள்.

நீயும் அதைத்தானே சொன்னாய்? எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பத்தடிக்கு ஒரு தரம் கிளட்ச் மிதிக்க வேண்டும். இடது உள்ளங்கையால் முட்டியை அமுக்கி மிதிப்பாய், அதே கையால் கியர் போடுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். "கேபிள் அறுந்தா ரோட்லயே மாத்திக்கலாம் மச்சான், ஆயிலு ஒழுவுனா இன்னா பண்ணுவ?" என்று பெரிய மேதாவி மாதிரி கேட்டிருக்கிறேன்.

அது சும்மா சொன்ன காரணம். உனக்கு அவ்வளவு வலி என்று நான் நம்பவில்லை, அதுதான் உண்மை. என் தங்கச்சி உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். உன்னைக் கொண்டுபோனது முட்டி இல்லை, நெஞ்சுவலி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

வேலையும் அப்படியொன்றும் பெரிசில்லை. கேபிள் இழுக்கிற இடத்தில் சிலிண்டர் தள்ள வேண்டும், அதனால் கியர்பாக்ஸின் மறுபக்கம் தகடு வெட்டி வெல்டிங் வைத்தேன். காலுக்கு லேசாக இருக்கட்டும் என்று பெடல் பக்கம் சின்ன சிலிண்டராகப் பார்த்துப் போட்டேன். மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது, ஆயில் பைப்பில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது மட்டும்தான் பாக்கி.

அது இரண்டு ஆள் வேலை, உனக்குத் தெரியாததா? மேலே ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் காற்று வெளியேறுகிற திருகைத் தளர்த்த வேண்டும். எந்த வண்டிக்கு இந்த மாதிரி கிளட்ச் வேலை வந்தாலும் உனக்குத்தான் போன் போடுவேன். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு வருவாய். கால் மாற்றாமல் அந்த முட்டியோடு எனக்காக எத்தனை பெடல் மிதித்திருப்பாய் மச்சான்?

இந்தத் தடவை தனியாகவே செய்து பார்த்தேன். பெடலுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தேன். திருகைத் திறந்ததும் பெடல் இறங்கி, கட்டை நழுவி, வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போனது. மூன்று தரம் அதே கதை. பக்கத்துக் கடையில் கேட்டால் ஆள் வந்திருக்கும். ஆனால் ஓட்டப்போகிறவள் கலா, அவள் காலே மிதித்துப் பார்க்கட்டும் என்று தோன்றியது. கூப்பிட்டால், இதை உனக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்பாளோ என்ற பயத்தில் அவ்வளவு நேரம் காரடியில் கிடந்தேன். கடைசியில் கூப்பிட்டேன்.

"அமுக்கு கலா. புடி. இப்ப உடு."

சொன்னபடியெல்லாம் செய்தாள். குமிழி வருவது நின்றதும் திருகை இறுக்கினேன். "இப்ப நல்லா மிதிச்சுப் பாரு" என்றேன். மிதித்தாள். மறுபடி மிதித்தாள். காரடியில் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"ண்ணா, இவ்ளோதானா?"

"இவ்ளோதான் கலா."

"டெய்லி வந்ததும் காலுக்கு வென்னி ஊத்தச் சொல்வாருண்ணா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வெளியே வந்திருப்பேன். ஏதோ ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று சொல்லி அங்கேயே படுத்து அழுதேன்.

நேற்றுக் காலை முதல் தடவையாகக் கூடைகளோடு ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். லாரி வரிசையில் மாட்டினோம். ஒவ்வொரு தரம் கிளட்ச் மிதிக்கும்போதும் இடது கையை முட்டிமேல் வைத்து அமுக்கினாள்.

"இன்னும் கெட்டியாவா கீது?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா, பஞ்சாட்டம் கீது. அவுரு இப்டித்தானே ஓட்டுவாரு? இந்தக் காருக்கே அதான் வழக்கம்னு நெனச்சிகினு இருந்தேன்."

நீ உட்கார்ந்த இடத்தில் அவள், நான் சிரித்த இடத்தில் நான். அந்தக் கை முட்டியை விட்டு இறங்குகிற வரைக்கும் தினமும் காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன் மச்சான். இனி யாராவது என் ஷெட்டுக்கு வந்து வலிக்கிறது என்று சொன்னால், நம்பிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

உன் பொண்டாட்டியின் அண்ணன்,
உன்னை நம்பாத உன் மச்சான்,
ஏழுமலை