வாசிக்க முனைகிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம், கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். போன் பேசும்போது உன் குட்டி என் தோளில் தொங்கிக்கொண்டிருப்பாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். நேரில் எதையும் உருப்படியாகச் சொல்ல வராதவள் நான் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான்.

அம்மா நலம். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள். குட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது. நீ தைத்து அனுப்பிய கவுன் தோளில் தொளதொளவென்று இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு ஆகும் என்கிறாள் அம்மா.

தங்கச்சி பட்டதாரி, பள்ளிக்கூட ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள் என்று உன் ஆலையில் எல்லோரிடமும் சொல்கிறாயாம். அந்த உத்தியோகம் என்னவென்று கேட்டுக்கொள். அலமாரிக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் ஒரு மேசை. ஆசிரியர்கள் தாளில் குறித்துத் தருவதை நான் மேலிடத்துக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். வாசிப்புக்கு மூன்றே கட்டங்கள்: சரளமாக வாசிக்கிறார், வாசிக்கிறார், வாசிக்க முனைகிறார். வாசிக்கத் தெரியாது என்று ஒரு கட்டமே கிடையாது. அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு கட்டியிருக்கிறார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிற பிள்ளையும் 'முனைகிறார்'தான்.

ஆசிரியர் அறையில் இதுதான் கேலி. டீ வந்துச்சா என்று கேட்டால், "வர முனையுது" என்பார்கள். தலைமையாசிரியர் தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டால் கணக்கு டீச்சர், "வேலை செய்ய முனைகிறார் வர்றாருடி, எந்திரிங்க" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர் கேட்ட எண்ணிக்கைக்குத் தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

தலைமையாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் 'முனைகிறார்' இருந்தால் திரையில் பள்ளியின் பெயர் சிவப்பாகிவிடும். பத்து வரை பச்சை. அந்தப் பச்சையைப் பார்ப்பதுபோல் மனிதர் பெற்ற பிள்ளையைக்கூட ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேலதிகாரி வருவதாக இருந்தது. முந்தின நாள் ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர். பச்சை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "ஒண்ணே ஒண்ணும்மா. வீட்டுலேர்ந்து யாரும் வந்து சண்டை போடாத பிள்ளையா பாத்து எடுத்துடு" என்றார். கத்தரிக்காய் பொறுக்கச் சொல்கிற மாதிரி.

மறுநாள் வந்த அதிகாரி வகுப்புகளைத் திரும்பியும் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். அவர் திரையைப் பார்க்க இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வரி வாசிக்கச் சொல்லவில்லை. பச்சையாக இருந்த திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "அருமை, அருமை" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார். அது ஒன்றுதான் அங்கே பாராட்டு வாங்கியது.

அக்கா, நான் எடுத்த அந்த ஒரு பெயர் குட்டியுடையது.

பட்டியலில் ஒரு பையனின் அப்பா பஸ் டிரைவர், சட்டென்று கை நீட்டுவார். ஒருத்தியின் அம்மா தினமும் கேட்டில் நிற்பாள். யாரும் வந்து கேட்காத பிள்ளை நம் வீட்டில்தான் இருந்தாள். அம்மா வெளிநாட்டில். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. சித்தி வாயே திறக்க மாட்டாள், மாற்றப்போவதும் அவள்தான். எடுத்தவள் 'வாசிக்கிறார்' என்றாவது போட்டிருக்கலாம். எதற்கு அரைகுறையாக என்று 'சரளமாக' போட்டேன். பச்சைகூட, "இவ்வளவு வேணாம், சரி, இருக்கட்டும்" என்றார். அவரைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

அப்படி வந்த குட்டியின் அறிக்கையைத்தான் நீ அங்கே உன் கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாய்.

போன மாதம் நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை அவள் ஆயாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். "தங்கமே, நல்லா படி, சித்தி சொன்னபடி கேளு, அம்மா சீக்கிரம் வர்றேன்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நான் எடுத்துப் பார்த்தேன். உன் ஜன்னலில் வந்து முட்டையிட்ட புறாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். சீக்கிரம் வருகிறேன் என்று எங்கேயும் இல்லை.

வாரம் மூன்று நாள் வாசிப்பு டீச்சர் ஒருவர் வருகிறார். 'முனைகிறார்' பட்டியலில் உள்ள பத்துப் பேருக்கு மட்டும். குட்டியையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன். "பட்டியல்ல இல்லாத பிள்ளைய வச்சா என்னைய பட்டியல்லேர்ந்து தூக்கிடுவாங்கம்மா" என்றார். அந்த நேரத்தில் சரளமானவர்கள் மூலையில் தாமாக வாசிக்க வேண்டும். குட்டியும் அங்கேதான். பக்கத்துப் பிள்ளை பக்கம் புரட்டும்போது இவளும் புரட்டுகிறாள். அடுத்த வருடம் போகிற பெரிய பள்ளியில் வாசிப்பு டீச்சரே கிடையாது.

திருத்தித் தாருங்கள் என்று பச்சையிடம் வாய் திறந்து கேட்டேன். "அது பூட்டியாச்சும்மா. நீதானே போட்ட?" என்று சிரித்தார். பூட்டு திறக்க ஒரே ஒரு வழி. பெற்றவர் தன் கையால் எழுதிய ஆட்சேபம் மேலிடத்துக்குப் போனால், வெளியாள் வந்து பிள்ளையை நேரில் வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும். சித்தி எழுதினால் செல்லாது.

அதனால் நீ எழுது, அக்கா. என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று பச்சையாகவே எழுது. முனைகிறாள் என்று மட்டும் எழுதிவிடாதே. தவறாகப் பதிந்தவர் யார் என்று ஆட்சேபப் படிவத்தில் ஒரு இடம் இருக்கும். வேலை போய்விடுமே என்று பாவம் பார்த்து அதை வெறுமனே விட்டுவிடாதே. என் பெயரைப் போடு.

இப்படிக்கு,
நீ படிக்க வைத்த தங்கை