பதினேழாம் எண்ணின் முகம்

மார்ச் 6, 2006

காற்று நிற்கவில்லை. குழிக்கு மேலே போட்ட கொட்டகையின் தகரம் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. பேரரசன் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர்களில் இந்த வாரம் மூன்று பேர் வெளிப்பட்டார்கள். பதினைந்தும் பதினாறும் வழக்கம்போல் வெறும் சாம்பல் மண். அவர்களைச் செய்தவர்கள் சாம்பலாக விட்டுவிடவில்லை, உச்சி முதல் கால்வரை நிறம் தீட்டித்தான் புதைத்தார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை.

பதினேழு வேறு. கூலிக்கு மண் அள்ளும் மியாவ் அக்கா மூங்கில் சீவலால் கன்னத்து மண்ணைத் தள்ளியதும் இளஞ்சிவப்பு தெரிந்தது. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துத் தோல்! "யப்பா, என் மருமகனவிட நல்லா சவரம் பண்ணியிருக்கானே" என்றார் அக்கா. பெண்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டு, குழி விளிம்பில் நின்ற அகழாய்வுத் தலைவர் கூ சார் அதட்டினார்.

உடனே தண்ணீர் தெளித்து பிளாஸ்டிக் தாளைச் சுற்றினோம். நிறத்தை இறுக்கிப் பிடிக்கும் மருந்து நகரத்திலிருந்து வர நாளாகும். அதுவரை மணிக்கொரு தடவை தெளிக்க வேண்டும். நிறத்துக்கு அடியில் அரக்குப் பூச்சு இருக்கிறது. அது காய்ந்தால் சுருளும், நிறத்தையும் உரித்துக்கொண்டு போகும். சில நிமிஷம் போதும்.

பதினேழு மியாவ் அக்காவின் பொறுப்பு. பலகையில் அவர் பெயரை எழுதியது நான்.

மார்ச் 7

தாளுக்கு உள்ளே நீர்முத்துகள். முகம் மங்கலாகத்தான் தெரிகிறது.

மார்ச் 8

பதினேழு போய்விட்டது. இன்று எழுத முடியாது.

மார்ச் 9

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று நடுப்பகல். "அக்கா, நூடுல்ஸ் ஊறிப்போயிடும், போய்ச் சாப்பிடுங்க. நான் தெளிக்கிறேன்" என்றேன்.

"தாளப் பிரிக்காத தம்பி. ஓரத்துல லேசா தூக்கி அடி. காத்து பேய் மாதிரி வீசுது."

பிரித்தேன். ஏன்? இங்கே நான் வரையும் சிலைப் படங்கள் எல்லாம் கூ சார் பெயரில்தான் அச்சாகின்றன. ஒரு முகத்தையாவது முதலில் நான் படம்பிடிக்க வேண்டும் என்று இருந்தது. அதுவும் முழு உண்மை இல்லை. பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

புருவம் மயிர் மயிராக வரைந்திருந்தது. கண்ணில் வெள்ளை, அதற்குள் பழுப்பு, நடுவில் கருமணி. கழுத்துப்பட்டை ஊதா. விளக்கைக் கிட்டத்தில் வைத்துப் பதினொரு படம் எடுத்தேன். கடைசிப் படத்தில் நெற்றி ஓரம் எழும்பியிருந்தது. நிழல் என்று நினைத்தேன். தெளிப்பானை எடுத்துத் திரும்புவதற்குள் பாலாடைபோலச் சுருண்டு, பாதி முகம் மண்ணில் உதிர்ந்தது. ஊதா முழுசாகப் போயிற்று.

மூடினேன். கட்டினேன். குழியின் அடுத்த மூலைக்குப் போய்விட்டேன். அக்கா வந்து பிரித்துப் பார்த்து அலறியபோது, ஒன்றும் தெரியாதவன்போல ஓடிவந்தேன். ஓடிவந்தேனே! அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

கூ சார் பலகையைப் பார்த்தார். "பேரு இருக்குல்ல, அப்புறம் என்ன விசாரணை?"

"சாப்பிடப் போனேன் சார். போறப்ப ஈரமாத்தான் இருந்துச்சு."

"யாரு போகச் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த தெளிப்பானைப் பார்த்தேன்.

"பசிச்சுது. போனேன்" என்றார்.

மார்ச் 10

மியாவ் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாவட்டத்தில் எந்தக் குழியிலும் இனி சேர்க்கக்கூடாது என்று உத்தரவு போயிருக்கிறது. இந்தக் குழி இருப்பதே அவர் கோதுமை வயலில்! நிலத்தை எடுத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஒருவருக்கு இங்கே வேலை என்று சொன்னார்கள். இப்போது நிலமும் இல்லை, வேலையும் இல்லை. போன வருஷம் கூ சார் ஒரு குதிரைச் சிலையின் காதை உடைத்தார். அது 'பழைய விரிசல்' என்று பதிவாயிற்று.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மேலடா கோபம்? உன் மேலயா, கூ மேலயா?

மார்ச் 13

பதினேழின் அங்கி ஓரத்தில், செய்தவனின் பெயர் முத்திரை கிடைத்தது. கூ சாருக்கு ஒரே குதூகலம். நிருபர்களிடம், "கைவினைஞனுக்கு அந்தக் காலத்திலேயே எவ்வளவு மரியாதை!" என்கிறார். மரியாதையாவது! சிலையில் குறை வந்தால் யாரைப் பிடித்து அடிப்பது என்று தெரிவதற்காகக் குத்தச் சொன்ன பெயர் அது. அவருக்கும் தெரியும். மேற்பார்த்த அதிகாரியின் பெயர் மண்ணில் எங்கேயும் இல்லை.

மார்ச் 16

மருந்து வந்தது. மிச்சமிருந்த பாதி முகத்துக்குப் போட்டோம்.

கூ சார் அறிக்கை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'தினக்கூலிப் பணியாளரின் கவனக்குறைவு.' எழுதி முடித்ததும், "கையெழுத்து முத்து மாதிரி இருக்குடா" என்றார்.

மார்ச் 19

மியாவ் அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, அன்னிக்குத் தாளப் பிரிச்சது நான்தான்."

"தெரியும்."

இடித்துக்கொண்டே சொன்னார்.

"நான் ரெண்டு சுத்து சுத்தி, வால உள்ள சொருகிக் கட்டுவேன். நீ ஷூ லேஸ் மாதிரி பூப்போட்டுக் கட்டியிருந்த. அன்னிலேர்ந்து யோசிக்கிறேன், இவன் வருவானா மாட்டானான்னு. பத்து நாளுக்கு மேல ஆக்கிட்ட."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா..."

"யாருகிட்ட? மண்ணு அள்றவ பேச்சு, படிச்சவன் பேச்சு, எத எடுப்பாரு உன் கூ சாரு?" உலக்கையை நிறுத்தினார். "மன்னிப்புக் கேக்கத்தான் வந்தியா?"

"ஆமா."

"அத வச்சு நான் என்ன பண்ண? ஊறுகாயா போட? பேப்பர்ல எழுது. கையெழுத்துப் போடு. உனக்கு என்ன ஆகும்னு யோசிச்சிட்டு எழுது. அப்புறம் வந்து என் வாசல்ல அழாத."

மார்ச் 20

கூ சாரிடம் சொன்னேன். கோபப்படவே இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "அறிக்கை மாகாணத்துக்குப் போயாச்சு. உனக்கு முப்பது வருஷ வேலை பாக்கி இருக்கு. அந்தம்மாவுக்கு வேற எங்கேயாவது நான் ஏற்பாடு பண்றேன். வாய மூடிட்டுப் போ."

ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 21

ஏற்பாடெல்லாம் ஒன்றும் செய்ய மாட்டார். நேற்றே தெரியும் எனக்கு.

பதினொரு படங்களையும் அச்சிட்டேன். ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கிறது. கூடவே மூன்று பக்கக் கடிதம். மாகாண அலுவலகத்துக்கு நானே தபாலில் போட்டேன். பெட்டியில் விட்டதும் திரும்ப எடுக்க முடியுமா என்று கையை விட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

மார்ச் 29

நகரத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என்னிடம் மூன்று மணிநேரம். கூ சார் வாசலில் அவர்களுக்கு சிகரெட் பற்றவைத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 11

கூ சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி எந்த அகழாய்விலும் எனக்கு இடமில்லை. காலையில் சாமானை எடுக்கப் போனேன். வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது காலை வேலைக்குப் பெண்கள் கூட்டமாக உள்ளே போனார்கள். நடுவில் மியாவ் அக்கா, கழுத்தில் புது அட்டையோடு. யாரோ எதற்கோ சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பெட்டியோடு நான் வழியை மறித்து நின்றிருந்தேன் போலிருக்கிறது.

"ஓரமா நில்லு தம்பி, பின்னால மண்ணு வண்டி வருது" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கிப் போனார்.