அப்பாவின் இறகுக்கு ஓட்டெடுப்பு

அம்மாவுக்கு ஷைலீனின் வணக்கம். உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்த ஒஹாயோ குளிர் நம் டகோட்டா குளிரில் பாதிகூட இல்லை.

நேற்று வகுப்பில் சின்னச் சச்சரவு. பயப்படாதே, கைகலப்பு இல்லை. ஜனாதிபதித் தேர்தல் விவாதத்துக்கு காரெட் என்பவன் நம் லகோட்டா பழங்குடித் தலைவர்கள் அணிகிற இறகுக் கிரீடம்போல ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். எல்லாம் சாயம் போட்ட கோழி இறகு. கழற்றச் சொன்னேன்.

"எதுக்கெடுத்தாலும் மனசு புண்படுதுன்றீங்க. அதுக்காகவே எங்க ஆளு ஜெயிக்கணும்," என்றான்.

எதிர் வேட்பாளருக்காக வேலை செய்யும் விட்னி எழுந்து, "பாவம், அவங்க இனமே அழிஞ்சு போச்சு," என்றாள். எனக்கு அவள்மேல்தான் அதிகக் கோபம்.

"நான் இங்கதான் இருக்கேன் விட்னி, எனக்கும் வாய் இருக்கு," என்றேன். "எங்கப்பா போர்ல அடிபட்ட ரெண்டு பேரைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. அதுக்கு எங்க பெரியவங்க ஒரே ஒரு கழுகு இறகு குடுத்தாங்க. நீ என்னடா கிழிச்சே, காரெட்?"

அவன் சிரித்தான். பேராசிரியர், அவன் செய்தது தவறா என்று கை தூக்கச் சொன்னார்! தவறில்லை என்றே நிறையக் கைகள் எழுந்தன. அப்பாவின் இறகுக்கு இவர்கள் யார் ஓட்டுப் போட? வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்சம் காட்டெருமை உப்புக்கண்டம் அனுப்பு. இங்கே யாரோடும் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தேர்தலன்று, வாக்குச்சாவடி தூரம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதே. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. வகுப்பில் எழுந்த அந்தக் கைகளெல்லாம் அன்றைக்கு ஓட்டுப் போடப் போகும், அம்மா.

உன் மகள்
ஷைலீன்